பெரியபுராணம் சொல்பவர்களுக்குத் துவைகல் பக்கத்திலிருந்து ஒரு மடல்

கோயில் மேடைகளிலும் சபாக்களிலும் பெரியபுராணம் சொல்லிவரும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். 19 வருடமாகிறது. அதற்கு முன்னால் தாமிரபரணிக் கரையில் அப்பாவோடு துறையில் நின்றவள். எங்கள் குடும்பத்துக்கு வேறு தொழில் தெரியாது.

உங்கள் பேச்சை விடாமல் கேட்கிறேன். சின்ன வயதில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டேன். இப்போது விரிப்பு மடிக்கும் மேசையில் போனை நிறுத்திவைத்துக் கேட்கிறேன். மடிக்கிற வேலைக்குக் கையும் கண்ணும் போதும், காது சும்மாதான் இருக்கும். உங்களில் சிலர் தொண்டையைச் செருமினால்கூட இன்னார் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தில், அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். 63 நாயன்மாரில் ஒருவரான காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் கதையைச் சொல்லும்போது அவர் பார்த்த வேலையையும் சொல்லுங்கள்.

"சொல்லாமல் என்ன, வண்ணார் என்று சொல்கிறோமே" என்பீர்கள். சொல்கிறீர்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். "தாழ்ந்த குலத்தில் பிறந்தும் பக்தியால் உயர்ந்தார்" என்று கதை தொடங்கும். அடுத்து சிவபெருமான் ஏழைக் கிழவராக வருவார். பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தரச் சொல்லிக் கந்தையைக் கொடுப்பார். மழை வரும். நாயனார் கல்லில் தலையை மோதுவார், கை வந்து தடுக்கும், இறைவன் காட்சி தருவார். முடிந்தது. கந்தையை வாங்கியதற்கும் மழை பிடித்துக்கொண்டதற்கும் நடுவில் ஒரு பகல் கிடக்கிறது. அந்தப் பகலில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நின்று நிதானமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் இந்தக் கதையை முதன்முதலில் கேட்டேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருவிழா. திருவிழா என்றால் அப்பாவுக்குப் பத்து நாளும் வேலை. சாமி வரும் தெருவில் நடைபாவாடை விரிக்க வேண்டும், பழந்துணியைச் சுற்றிப் பந்தம் கட்ட வேண்டும், பந்தலுக்கும் மேடைக்கும் மேற்கட்டி கட்ட வேண்டும். மேடைக்கு மேலே விதானமாக நிற்கிற வெள்ளைதான் மேற்கட்டி. அந்த வருடம் அதை வெளுத்ததில் நானும் கூட நின்றேன்.

பேச வந்தவர் வெளியூர்ப் பெரியவர். நல்ல குரல். "ஈனக் குலத்தில் பிறந்தும்" என்று அவர் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் திரும்பி, ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. உங்க ஆளைத்தான் சொல்றாரு என்கிற மாதிரி பிரியமாகத்தான் பார்த்தார்கள். எனக்குப் பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளத் தோன்றியது. பேசியவர் தலைக்கு மேலே அப்பா வெளுத்த வெள்ளை ஒரு சுருக்கமில்லாமல் நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். வாய்க்கால் பாலம் தாண்டியதும் சொன்னார்: "ஏளா, நல்லாத்தான் பேசினாரு. ஆனா தொவைக்கதப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

குலத்தைச் சொன்னது அப்பாவுக்குப் பழகிப்போயிருந்தது. வேலையைச் சொல்லாமல் விட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரி அவரே எனக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

அவர் சொன்ன கதையில் வெள்ளாவி இருந்தது. அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, தாழியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன் வாயைச் சுற்றி அடுக்கடுக்காகத் துணியைக் கட்டி ஏற்றுவார்கள். கீழே பனையோலையும் சருகும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். தீ தணிந்தால் ஆவி ஏறாது, மிஞ்சினால் துணி பழுத்துவிடும். எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்போம். விடியலில் துணியைப் பிரித்து இறக்கும்போது கை வெந்துபோகும். அப்புறம்தான் கல், நீலம், கஞ்சி, வெயில். "ஒத்தக் கந்தைதானேன்னு நெனைக்காத. ஒண்ணுன்னாலும் எல்லா வேலையும் உண்டு. அவரு கைக்கு எப்ப வந்துச்சு, பொழுது எப்ப அடையும்னு கணக்குப் பாத்தாத்தான் அந்த மழையோட கொடும தெரியும்" என்றார்.

பல வருடம் கழித்து உரையோடு கூடிய பெரியபுராணம் ஒன்றை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா சொன்னது அங்கே அப்படியே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சோழனின் அவையில் இருந்த சேக்கிழாருக்கு எங்கள் வேலை தெரிந்திருக்கிறது. நாயனார் துறைக்குப் போய்க் கந்தையின் மாசை அடித்துப் போக்கி, நன்றாகப் புழுக்கி, பிறகு அதைப் பிரித்து ஒலிக்கப் போகிற நேரத்தில் மழை வருகிறது. புழுக்குவது என்று அவர் சொல்வதுதான் எங்கள் வெள்ளாவி. வெளுப்பதற்கு அவர் போட்டிருக்கும் சொல் ஒலித்தல். கல்லில் துணி விழும் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போகவே அன்று மனம் வரவில்லை.

இன்னோர் இடம். மழை விடவில்லை, பொழுது போய்விட்டது. நாயனார் விழுந்து அழுகிறார். அப்போது அவருக்கு வரும் எண்ணம் என்ன தெரியுமா? முன்பே ஒலித்து வீட்டுக்குள் காற்றாட உலர்த்தியிருக்கலாமே, அது தோன்றாமல் போய்விட்டதே என்பதுதான். இது வேலைக்காரன் படுகிற வருத்தம். அப்பாவுக்கு இந்த வருத்தம் தெரியும். ஓர் ஐப்பசியில் கல்யாண வீட்டுத் துணி முழுக்க ஈரமாகக் கிடந்தபோது, வீட்டுக்குள் கொடி கட்டி, வாசலையும் புழக்கடையையும் திறந்துவைத்து, ஒவ்வொன்றாகக் கரிப்பெட்டியால் தேய்த்தே உலர்த்தினார். விடியவிடிய அம்மா கரி அள்ளிப் போட்டாள். சேக்கிழார் எழுதிய அந்த ஒரு வரியை மேடையில் சொல்லியிருந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அடியார்களின் துணியில் மாசு கழிப்பவர்போலத் தம் பிறவி மாசையே அவர் கழித்துக்கொண்டிருந்தார் என்றும் சேக்கிழார் சொல்கிறார். வேலையை முடித்துக் குளித்துக் கோயிலுக்குப் போய்ப் புண்ணியம் தேடினார் என்று அங்கே இல்லை. துவைத்த நேரம்தான் வழிபட்ட நேரம். தண்ணீரில் நிற்கும்போதே அது நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் அந்தக் கை. நாயனார் தலையை மோதியது கோயில் தூணிலோ பலிபீடத்திலோ இல்லை. கந்தையை அடிக்கிற அதே பாறையில். அந்தப் பாறையின் பக்கத்திலிருந்துதான் இறைவனின் கை எழுந்து அவரைப் பிடிக்கிறது. அம்மை தழுவியதில் வளைத்தழும்பு பட்டவரின் கை என்று சேக்கிழார் அடையாளமும் சொல்கிறார். காஞ்சிபுரத்தில் கோயிலுக்கா பஞ்சம்? அத்தனை கோயில் இருக்கிற ஊரில் சாமி துவைகல்லிலிருந்து கை நீட்டியிருக்கிறார். எங்கள் அப்பாவின் கல் நடுவில் குழிந்து வழவழவென்று இருக்கும். விடியலில் முதல் துணியைப் போடும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை. புத்தகம் படித்த பிறகு கேட்க நினைத்தபோது அப்பா இல்லை.

நாயனாரின் பெயருக்கு அப்பா ஒரு விளக்கம் வைத்திருந்தார். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி எடுத்துத் துணியின் மூலையில் புள்ளியும் கோடுமாகப் போடுவார்கள். எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. அந்தப் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அப்பாவின் ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் உரிந்தே இருக்கும். நூறு வீட்டுக் குறியும் அவருக்கு மனப்பாடம். பண்ணையார் வேட்டியும் டீக்கடைக்காரர் துண்டும் ஒரே தாழியில்தான் வேகும், ஆனால் ஒன்றுகூட மாறிப்போகாது. "குறி போட்டு யாரு துணியையும் தொலைக்காம குடுக்கவருதான் திருக்குறிப்புத் தொண்டர்" என்பார். அடியார் மனக்குறிப்பை அறிந்து தொண்டு செய்தவர் என்பதால் வந்த பெயர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்பா சொன்னது சரியில்லைதான். ஆனாலும் அதை விட மனமில்லை. எந்த மூலையில் கிடந்தாலும் யாருடையது என்று தெரிந்துவைத்திருக்கிற ஒருவர் மேலே இருக்கிறார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்தச் சேங்கொட்டைக் குறியைப் பார்த்துத்தான்.

ஆனால் அந்த வயதில் எங்களை யாரும் குறித்துவைத்திருப்பதாகத் தோன்றவில்லை. இருட்டியதும் அம்மா கூடையும் சட்டியுமாக வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்கி வருவாள். அது கூலியில் சேர்ந்தது. அறுவடைக்கு நெல், தினமும் சோறு. பத்து வீட்டுக் குழம்பும் ஒன்றாகக் கலந்திருக்கும். என் வகுப்புப் பிள்ளை கதவைத் திறந்த அன்று நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். இந்த மாதிரிப் பிள்ளைகள் உங்கள் கூட்டத்திலும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "தாழ்ந்த குலத்தில் பிறந்தும்" என்ற சொல்லில் உள்ள அந்த "உம்" அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறப்பு ஒரு குறை, பக்தி அதை ஈடுகட்டியது என்றல்லவா ஆகிறது? நாயனார் ஏகாலியர், அதாவது வண்ணார். அவர் வெளுத்தார். வெளுத்ததால் இறைவனைக் கண்டார். அந்த "உம்"முக்கு இதில் இடமே இல்லை.

63 நாயன்மாரில் இப்படித் தொழிலோடு நிற்பவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. சுந்தரர் அடியார்களை வரிசையாக வணங்கிப் பாடிய திருத்தொண்டத்தொகையைத் தொடங்கும்போது தில்லைவாழ் அந்தணர்களைச் சொல்கிறார். மூச்சு விடாமல் அடுத்த வரியிலேயே திருநீலகண்டத்துக் குயவனாருக்கு அடியேன் என்கிறார். குயவர் என்ற தொழிலைச் சேர்த்தே வணங்குகிறார், அதை ஒளிக்கவில்லை. திருவொற்றியூர்க் கலிய நாயனார் செல்வம் போன பிறகு கூலிக்குச் செக்காட்டி விளக்கேற்றியவர். திருநாளைப்போவார் என்கிற நந்தனாரைப் பற்றி நீங்கள் சொல்லும்போது நந்தி விலகியதும் தீயில் மூழ்கியதும் பெரிதாக வருகிறது. அதற்கு முன்னால் அவர் ஊர் ஊராகக் கோயில் பேரிகைக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்துவந்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். அவர் கொடுத்த தோல் பூசை நேரத்தில் முழங்கிக்கொண்டிருந்தது, அவர் வாசலுக்கு வெளியே நின்றார். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் ஒரு நிமிடம் பேசாமல் நின்றாலே போதும், கூட்டத்துக்குப் புரியும்.

இதையெல்லாம் கேட்கிற எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. எங்கள் அப்பா எல்லாத் தெருவுக்கும் துவைக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். பகலில் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒரு காலத்தில் அவர்களை இருட்டில் நடமாட வைத்த மண் இது. அவர்கள் செய்ததும் அதே வெள்ளாவி, அதே கல். ஆனாலும் எங்கள் வீட்டார் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. மேலே இருப்பவர் எங்களைப் பார்த்த பார்வையை நாங்கள் அப்படியே கீழே இறக்கினோம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நாயனார் எங்கள் ஆள் என்று மார்தட்டும் சங்கத்துப் பெரியவர்களும் இந்த மடலைப் படித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே வெள்ளாவி இல்லை, பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் கறை பழைய கறைதான். ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும். மஞ்சள் பட்டதில் சோப்பு வைத்தால் சிவந்து பயமுறுத்தும், வெயிலில் போட்டால் தானே வெளுக்கும். பிரசவ வார்டு விரிப்பும் பிணவறைக்குப் போய்வந்த துணியும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் வரும். வெளுத்து மடித்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது. அந்த மடிப்பு அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அமைதியாகிவிடும். காரணத்தை இன்னும் நான் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மனிதர் மேல் படுவது எதுவும் அந்த மனிதர் ஆகிவிடாது என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்கிறேன்.

போன மார்கழியில் ஆண்கள் வார்டில் அழுக்குத் துணி எடுக்கப் போனேன். எண்பது வயதிருக்கும் ஒருவர், எலும்பும் தோலுமாக. படுக்கையிலேயே போய்விட்டது. அதன்மேல் கையைப் பரப்பி மறைத்துக்கொண்டு, "மன்னிச்சிரு தாயி, அசிங்கம் பண்ணிட்டேன். நீ தொடாத" என்றார். "இதுக்குத்தான ஐயா நான் இருக்கேன்" என்றேன். விரிப்பை எடுத்தால், அடியில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையும் நனைந்திருந்தது. வெளுத்து வெளுத்து நூல்விட்ட பருத்திப் போர்வை. நோயாளியின் சொந்தத் துணியை நாங்கள் எடுக்கக் கூடாது, அது விதி. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே, "பொழுதடையறதுக்குள்ள வந்துருமா? ராத்திரி குளிருது" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கிழவர் நாயனாரிடம் கேட்டதும் இதுதானே. அழுக்காகத்தான் இருக்கிறது, ஆனால் குளிருக்கு இதை விட முடியாது, பொழுது சாய்வதற்குள் தருவாயானால் எடுத்துப் போ என்று.

தனியாக அலசி, கையாலேயே கசக்கி, மற்ற துணி எல்லாம் முடிந்த பிறகு உலர்த்தும் இயந்திரத்தில் அதை மட்டும் போட்டேன். மேற்பார்வையாளர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு மேலே கொண்டுபோனேன். சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மாரோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஏறும்போதுதான் நாயனாரின் அழுகை எனக்கு விளங்கியது. தமக்கு முக்தி கிடைக்காமல் போய்விடுமே என்று அவர் அழவில்லை. சொன்ன நேரம் தவறிவிட்டது, ஒரு கிழவரின் உடம்பு குளிரில் நடுங்கும், அதற்குத் தாம் காரணமாகிவிட்டோம் என்றுதான் தலையை மோதினார். ஒரு மனித உடம்புக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தவர் அவர். அங்கே நின்றிருந்தது இறைவன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஏழை அடியார் என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தார். மேடையில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

போர்வையைப் போர்த்திவிட்டேன். அவர் ஓரத்தை இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு" என்றார். அப்புறம், "உம் பேரென்ன தாயி?" என்று கேட்டார். 19 வருடத்தில் ஒரு நோயாளி என் பேரைக் கேட்டது அன்றுதான். சொன்னேன். ரெண்டு தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சித்திரை சுவாதி நாயனாரின் குருபூசை. உங்களில் பலருக்கு அன்று எங்காவது மேடை இருக்கும். அதற்கு முன்னால் ஒரு விடியலில் உங்கள் ஊர்த் துறைக்கோ, இஸ்திரி வண்டிப் பக்கமோ, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கோ போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அன்றைக்குப் பந்தல் போட்டவர்களையும் தெரு கூட்டியவர்களையும் முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கோயில்காரர்கள் கேட்பார்கள். அந்த மழைக்கு வரும் முன்பு, ஒரு பகல் முழுக்க அவர் துவைத்ததைச் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு தடவை நிமிர்ந்து உங்கள் தலைக்கு மேலே கட்டியிருக்கிற வெள்ளையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்டபடி விரிப்பு மடிக்கும் ஒரு சலவைத் தொழிலாளி